யார் அந்த அசோக் குமார்?

கேள்வி: புதுப் படம் வரும்போது 'அசோக் குமார்' என்பவர் மீது கோர்ட்டில் தடை வாங்கியதாகச் செய்தியில் படித்தேன். எங்கள் ஊரிலேயே மூன்று அசோக் குமார்கள் இருக்கிறார்கள், மூன்று பேரும் தறி ஓட்டுகிறவர்கள். யார் இந்த ஆசாமி? டோரண்ட்டில் படம் இறக்கினால் நம்மையும் கண்டுபிடித்துவிடுவார்களா?
— வாசகர், மல்லசமுத்திரம்

பதில்: உங்கள் ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தறி ஓட்டலாம். கோர்ட் தேடும் அசோக் குமார் பிறக்கவே இல்லை.

இவருக்குத் தாத்தா இங்கிலாந்தில் இருக்கிறார். நில வழக்குகளுக்காக அங்கே வக்கீல்கள் இட்டுக்கட்டிய 'ஜான் டோ' என்ற குத்தகைக்காரர் அவர். அவரை நிலத்தைவிட்டு விரட்டியவராக 'ரிச்சர்ட் ரோ' என்று இன்னொரு கற்பனை ஆளும் உண்டு. நம் குப்பனும் சுப்பனும் மாதிரி. 1852-ல் அந்த நில வழக்கு முறையையே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்காவில், பெயர் தெரியாத பிரதிவாதி இன்றும் ஜான் டோதான்.

இந்தியாவுக்கு அவர் வந்தது 2002-ல், உலகக் கோப்பைக் கால்பந்து சமயத்தில். அனுமதியில்லாமல் ஆட்டத்தைக் காட்டும் கேபிள்காரர்கள் யார் யார் என்று முன்கூட்டியே தெரியாததால், முகம் தெரியாதவர்களுக்கும் சேர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு சினிமா வழக்குகளில் ஜான் டோவுக்கு நம் ஊர்ப் பெயர் வைத்தார்கள். நல்ல தேர்வு என்றே சொல்வேன். வடக்கிலும் செல்லும், தெற்கிலும் செல்லும், சாதியும் காட்டாது.

இனி டோரண்ட். டூரிங் கொட்டகைக் காலத்தில் ஒரே பிரிண்ட்டை இரண்டு ஊர்கள் பங்கு போட்டுக்கொண்டதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே ஓடி முடிந்த ரீலை டப்பாவில் போட்டுக்கொண்டு பையன் சைக்கிளில் அடுத்த ஊருக்கு மிதிப்பான். வழியில் செயின் கழன்றால் அங்கே விசில் பறக்கும். அமெரிக்கரான பிராம் கோஹன் 2001-ல் வெளியிட்ட பிட்டோரண்ட்டும் இதே வேலைதான். படம் துண்டு துண்டாகப் பிரியும். வாங்கியவரே அடுத்தவருக்கு அனுப்புவார். யார் யார் சுற்றில் இருக்கிறார்கள் என்று சொல்லும் கணக்குப்பிள்ளைதான் டிராக்கர்.

வில்லங்கமும் இதில்தான். முகவரி தெரியாமல் ரீல் போய்ச் சேராது. டோரண்ட் மென்பொருளில் 'பியர்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால், யாரோ ஒருவருடைய இணைய முகவரியான ஐ.பி. எண், எதிரே அவர் கையில் சேர்ந்த படம் 43 சதவீதம், அதற்குக் கீழே இன்னொரு எண் என்று வரிசையாக நிற்கும். படக்காரர்களுக்காகக் கண்காணிக்கும் நிறுவனம் பூட்டு எதையும் உடைப்பதில்லை. தானும் ஒரு சைக்கிள்காரனாக உள்ளே வந்து அந்த எண்களைக் குறித்துக்கொள்கிறது. "நான் இறக்கிக்கொண்டேன், யாருக்கும் கொடுக்கவில்லை" என்ற சாக்கும் எடுபடாது. இறக்கும்போதே நீங்கள் ஏற்றிக்கொண்டும் இருக்கிறீர்கள்.

ஆனால் எண் வேறு, ஆள் வேறு. எந்த நேரத்தில் அந்த எண் யாரிடம் இருந்தது என்பது இணைய நிறுவனத்தின் பதிவேட்டில்தான் இருக்கும். செல்போன் நிறுவனங்களோ ஒரே எண்ணைப் பல பேருக்குப் பங்கு வைக்கின்றன. அமெரிக்காவில் 'தி ஹர்ட் லாக்கர்' படத் தயாரிப்பாளர்கள் இதற்கெல்லாம் அசராமல் 24,583 ஜான் டோக்கள் மீது வழக்குப் போட்டார்கள். நம் காப்புரிமைச் சட்டத்திலும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனாலும் இங்கே பெரும்பாலும் படம் இறக்கியவரைத் துரத்துவதில்லை, தளத்தைத்தான் முடக்குகிறார்கள். 2018-ல் '2.0' படம் வெளியாகும் முன் 12,564 தளங்களை முடக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

முடக்குவதிலும் ஒரு கூத்து நடந்தது. 2012-ல் '3', 'தம்மு' படங்களுக்காக வாங்கிய தடையைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுசாக மூடிவிட்டன. குறும்படம் எடுத்துப் போட்டவர்களின் சொந்தப் படங்களும் சேர்ந்து மறைந்தன. திருட்டுப் படம் இருக்கும் பக்கத்தை மட்டும், அதன் முகவரியைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மூடினால் போதும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

கடைசியாக, மறுபடி அந்தப் பெயருக்கே வருவோம். 1941-லேயே தமிழில் 'அசோக் குமார்' என்று ஒரு படம் வந்திருக்கிறது. பெயருக்கு அசோகரின் மகன் என்று பொருள். அந்த மகன் குணாளனாக நடித்தவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். செய்யாத குற்றத்துக்குக் கண்ணை இழக்கிற பாத்திரம்.