கூரை ஓரப் பலகைக்கு எந்த மரம்?



வீடு பழுது பார்க்கக் குழுவில் கடன் வாங்குகிறோம். தவணை முடியறதுக்குள்ளே கூரை ஓரப் பலகை இத்துப்போனால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்.

கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. இடையிலே மூடுபனி. பலகை காயவே நேரமில்லை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். இத்துப்போவது அதனால்தான்.

தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் உள்வேலைக்குச் சரி, மழையில் தாங்காது. தேக்கு, வேங்கை, பலா தாங்கும். ஆனால் வைரம் பாய்ந்த நடுக்கட்டையாகப் பார்த்து வாங்கணும். ஓரத்தில் வெளுத்த கட்டை இருந்தால் தேக்கும் இத்துப்போகும்.

கவனிக்க வேண்டியவை:

1. பலகை நன்றாகக் காய்ந்திருக்கணும்.

2. அறுத்த முனை வழியாகத்தான் தண்ணீர் வேகமாக ஏறும். மாட்டும் முன்பே முனைகளுக்கும் பின்பக்கத்துக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள்.

3. கூரைத் தகரம் பலகையைத் தாண்டி நீண்டிருக்கணும்.

4. சொந்த மரம்தானே என்று வெட்டிவிடாதீர்கள். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கணும்.

நல்ல மரத்துக்குப் பணம் பத்தலையா? சிமெண்ட் ஃபைபர் பலகை கேளுங்கள். அதைப் பூஞ்சை அரிக்காது.

அடுத்த கூட்டத்தில் வீட்டுக் கடன் மனு வந்தால், தொகையோடு "என்ன மரம்?" என்றும் கேட்போம்.