அடைக்கலம் கேட்பதற்கு முன்

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது. பாட்டி சௌக்கியமே, உன் அப்பாவும் அம்மாவும் என்றைக்குத் திரும்புகிறார்கள் என்று மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதுநாள்வரை நான் தேதியைச் சொல்லி வந்தேன். உன் கடிதத்தைப் பார்த்தபிறகு ஏதோ சொல்லி மழுப்ப வேண்டியதாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். படிக்கும் மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று விசிட்டர் விசாவில் டொராண்டோ வந்த உன் பெற்றோரிடம், ஆறு மாதக் கெடு முடியப்போகும் தறுவாயில், யாரோ ஒரு ஏஜெண்ட் வந்து, திரும்பிப் போய் என்ன செய்யப்போகிறீர்கள், அகதி மனு ஒன்று போட்டுவிட்டால் விசாரணைக்கு வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும், அதுவரை வேலைக்கு அனுமதியும் வைத்தியச் செலவும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாகவும், பட்டறைக் கடனை நினைத்துக் கலங்கியிருக்கும் உன் அப்பா அந்தப் பேச்சில் பாதி மயங்கியிருப்பதாகவும், அம்மா வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் வாய் திறக்காமல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். சேலம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால் என் அபிப்பிராயத்தைக் கேட்கிறாய் போலும். கனடாவின் சட்டம் நான் பழகிய சட்டம் அல்ல. எனினும் மனுவும் பிரமாணமும் வாக்குமூலமும் குறுக்கு விசாரணையும் எந்த தேசத்திலும் ஒரே சுபாவம் உடையவை. சட்டத்தின் வாசகங்களையும் இப்போது தேடி வாசித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஏஜெண்ட் சொன்னதில் பொய் என்று தள்ளக்கூடியது குறைவு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நாட்டின் குடியேற்ற, அகதிகள் வாரியத்தில் 2025-ஆம் வருஷத்தின் மத்தியில் தேங்கிக் கிடந்த மனுக்கள் 2,90,000-ஐத் தாண்டிவிட்டன. ஆகவே காலம் பிடிக்கும் என்பது வாஸ்தவம். வேலை அனுமதி கிடைப்பதும் வாஸ்தவம். ஆனால் அவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டு ஜனங்கள் ஏமாறுகிறார்கள் என்று கண்ட கனடா அரசாங்கமே, 2024 டிசம்பரில், அடைக்கலம் கோருவது எளிதான காரியம் அல்ல என்று 11 பாஷைகளில் விளம்பரம் செய்ய முற்பட்டது. அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. நம் பாஷையைத் தேர்ந்தெடுத்து ஒரு தேசம் எச்சரிக்கை விடுக்கும் அளவுக்குக் காரியம் முற்றியிருக்கிறது என்பதை உன் அப்பாவிடம் சொல்.

இனி அடைக்கலத்தின் ஆதாரத்தைப் பார். 1951 ஜூலை 28-ல் ஜெனீவாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றுள் ஒன்றின் நிமித்தம் தன் நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்று ஆதாரத்துடன் அஞ்சுகிறவனும், தன் நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவனும்தான் அகதி. கனடாவின் 2001-ஆம் வருஷத்துச் சட்டம் தன் 96-வது பிரிவில் இதையே எழுதி, 97-வது பிரிவில் உயிராபத்தையும் சித்திரவதையையும் தனியே சேர்த்திருக்கிறது. வியாபார நஷ்டமும், மகளைப் பிரிய மனமில்லாமையும், ஊருக்குப் போனால் கடன்காரர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற கூச்சமும் அதில் எங்கும் இல்லை.

உன் அப்பாவின் கஷ்டத்தை நான் இலேசாக எண்ணுகிறேன் என்று நினைக்காதே. வெள்ளி விலை 2025 டிசம்பரில் கிலோ 2 லட்ச ரூபாயைக் கடந்தபோது இந்தப் பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர்களில் யார்தான் கலங்காமல் இருந்தார்கள்? கட்டி கொடுத்து வேலை வாங்குகிற வியாபாரிகள் கையை மடக்கிக்கொண்டார்கள். பற்றவைப்பவனுக்கும் மெருகு போடுபவனுக்கும் வாரக்கூலி கொடுக்கவே உன் அப்பா கைமாற்று வாங்கினான். அதற்கு மேல் உன் படிப்புக்காகக் கந்துவட்டிக்கு வாங்கிய தொகை. வட்டிக்காரனின் ஆட்கள் பட்டறை வாசலில் வந்து நின்று கூச்சலிட்டதும் எனக்குத் தெரியும். அது பயம்தான். ஆனால் வாரியத்தின் அங்கத்தினர் உன் அப்பாவைப் பார்த்து, போலீஸில் புகார் கொடுத்தீரா என்று கேட்பார். அநியாய வட்டியைத் தண்டிக்க உங்கள் மாகாணத்தில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறதே, அதைப் பிரயோகித்தீரா என்று கேட்பார். அதற்கும் மேலாக, சேலத்தில் இருக்க முடியாவிட்டால் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ போய் நிம்மதியாக வாழ்ந்தால் என்ன என்று கேட்பார். இந்தக் கடைசிக் கேள்விதான் இந்தியாவிலிருந்து போகும் மனுக்களுள் மிகப் பலவற்றை வீழ்த்துவது.

அந்தக் கேள்வியின் இலக்கணத்தைக் கனடாவின் கோர்ட்டுகளில் வகுத்த வழக்குகள் இரண்டுமே தமிழர் பெயரைத் தாங்கியவை: ஒன்று 1991-ல் தீர்ப்பான ராசரத்தினம் வழக்கு, மற்றொன்று 1993-ல் தீர்ப்பான திருநாவுக்கரசு வழக்கு. இருவரும் இலங்கைத் தமிழர். வடக்கே இருக்க முடியாவிட்டால் கொழும்பில் இருக்கலாமே என்பதுதான் அவர்களிடம் கேட்கப்பட்டது. உள்நாட்டிலேயே வேறிடம் போகலாம் என்று சொல்வதானால் அந்த இடம் மனிதன் நியாயமாக வாழக்கூடிய இடமாக இருக்க வேண்டும், மலைக்குகையில் ஒளிந்துகொள் என்று சொல்லக்கூடாது என்று பின்னதில் நீதிபதிகள் தெளிவாக்கினார்கள். குண்டுக்கும் கைதுக்கும் தப்பி வந்த மனிதர்கள் பட்ட கஷ்டத்தால் உண்டான நியாயம் அது. அதே அளவுகோலை நம் வீட்டின் மேல் வைத்துப் பார். ஓசூர் வரைக்கும்கூட அளக்க வேண்டியிராது.

ஒரு பொய் எப்படித் திரும்பி வரும் என்பதற்கு, 1986 ஆகஸ்டு 11-ல் நடந்ததை உன் அப்பாவுக்கு விவரமாகச் சொல். கனடாவின் கீழ்க்கரையில், நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால் மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்ததை மீன்பிடிக்கப் போன ஒரு கப்பல்காரர் கண்டு காப்பாற்றிக் கரை சேர்த்தார். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அவர்களுக்கு இருந்த அச்சம் பொய்யான அச்சம் அன்று. ஆயினும் அவர்கள் யாரோ கற்றுக்கொடுத்தபடி, இந்தியாவிலிருந்து நேரே வந்ததாகச் சொன்னார்கள். சில நாட்களுக்குள் அவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்ற உண்மை வெளிப்பட்டுவிட்டது. கண்ணீரோடு கம்பளி கொண்டுவந்து கொடுத்த தேசத்தில் உடனே முணுமுணுப்பு எழுந்தது. பிரதம மந்திரி மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்து, தங்க அனுமதி கொடுத்தார் என்பது அவருடைய பெருந்தன்மை. ஆனால் மெய்யாகவே ஆபத்தில் இருந்த மனிதர்களுக்கே ஒரு பொய் எத்தனை பெரிய பாரமாயிற்று என்பதைக் கவனி. 2010 ஆகஸ்டில் சன் ஸீ என்ற கப்பலில் 492 தமிழர்கள் மேற்குக் கரையில் போய் இறங்கியபோது மாதக்கணக்கில் காவலில் வைத்து விசாரித்தார்களே, அந்தக் கடுமைக்குப் பின்னாலும் பழைய சந்தேகத்தின் நிழல் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

இங்கே நம் ஜில்லாவிலேயே தாரமங்கலத்துக்குப் பக்கத்தில் பவளத்தானூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறதே, நீ பள்ளிக்கூட நாளில் பார்த்திருப்பாய். 2021-ல் அரசாங்கம் சொன்ன கணக்குப்படி இந்த மாகாணத்து முகாம்களில் இருந்தவர்கள் 58,000 பேருக்கும் மேல். இந்தியா ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஆகவே அவர்களுக்குச் சோறும் கூரையும் உதவித்தொகையும் உண்டே தவிர, சட்டத்தின்படி அகதி என்ற உரிமை இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப் போலவே சேலத்துத் தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் என்பது எட்டாத வஸ்து. கையில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் திரும்பிவர ஒரு வீடும் உள்ளவன் அவர்களுக்குரிய வரிசையில் போய் நிற்பதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதை உனக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

தர்மத்தை விட்டுவிட்டு லாப நஷ்டத்தை மட்டும் பார்ப்போம், உன் அப்பா அதைத்தான் கேட்பான். மனு போட்ட மாத்திரத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நிபந்தனையோடு கூடிய ஒரு வெளியேற்ற ஆணையும் அப்போதே பிறந்துவிடும். மனுவும் அப்பீலும் தோற்ற பிறகு 30 நாளைக்குள் புறப்படாவிட்டால் அது நாடுகடத்தல் உத்தரவாக மாறும். அதன்பின் தனி அனுமதி பெறாமல் அந்த மண்ணில் கால் வைக்க முடியாது, உன் கல்யாணத்துக்காகவே ஆனாலும். பொய் சொன்னதாக நிரூபணமானால் ஐந்து வருஷத் தடை. குற்றவழக்காகவே போட்டால் ஐந்து வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் டாலர் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஜெயித்தால் மட்டும் என்ன? அடைக்கலம் பெற்றவர் தம் மனுவில் 22 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத்தான் சேர்க்க முடியும். உனக்கு 24 ஆகிறது. உனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அகதி என்று ஒப்புக்கொள்ளப்பட்டவர் இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு ஊருக்கு வந்தால், உமக்கு அங்கே பயம் இல்லை என்று தெரிகிறது என்று சொல்லி, கொடுத்த பாதுகாப்பையும் நிரந்தர வாசத்தையும் சேர்த்தே பறிக்க 2012 முதல் அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது என்பதை உன் அப்பாவுக்கு நினைவூட்டு. வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உன் விஷயமும் இதில் இருக்கிறது. விசாவுக்காக நீ அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் பெற்றோர் குறித்த காலத்தில் திரும்பிவிடுவார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறாய். நாளைக்கு ஏஜெண்ட் தயாரிக்கும் கதைக்கு ஆதரவாக இன்னொரு காகிதத்தில் உன்னைக் கையெழுத்திடச் சொல்வான். இரண்டும் ஒரே கோப்பில் வந்து சேரும். 1985 ஏப்ரல் 4-ல் சிங் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம், மனுதாரர் சொல்வதை நேரில் கேட்காமல் அவர் மனுவைத் தள்ளக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஏழைக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் அது. அதே தீர்ப்பினால்தான் கட்டுக்கதை சொல்பவனும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, எந்தத் தேதியில், எந்தத் தெருவில், யார் என்ன சொன்னார் என்று மணிக்கணக்கில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் அப்பா பட்டறைக் கணக்கைச் சொல்லும்போதே நாக்குக் குழறுகிறவன். ஏஜெண்டின் கதையை எங்கே நினைவில் வைத்துக்கொள்ளப்போகிறான்!

இவ்வளவும் எழுதிய பிறகு இதற்கு நேர் எதிரான ஒன்றையும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லாத சங்கதிகள் உண்டு. தமையனிடம் சொல்லாதவையும் உண்டு. நம் சீமையில் பயத்துக்குக் காரணமே கிடையாது என்று சாதிக்க நான் தயாராக இல்லை. ஓமலூர்ப் பிள்ளை கோகுல்ராஜை 2015 ஜூனில் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து ஜாதியின் பெயரால் இழுத்துப்போய், பள்ளிபாளையம் ரயில் பாதையில் பிணமாகக் கிடத்தினார்களே. 2022 மார்ச்சில் மதுரைத் தனிக் கோர்ட்டு பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானிப்பதற்கு ஏறக்குறைய ஏழு வருஷம் பிடித்தது. ஆகையால் உன் அம்மாவின் மௌனம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. ஏஜெண்ட் இல்லாத வேளையில், அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியே உட்கார வைத்து, பணத்தைப் பற்றிப் பேசாமல், ஊருக்குத் திரும்பினால் உங்களுக்கு என்ன நேரும் என்று பயப்படுகிறீர்கள் என்று மட்டும் கேள். கடனைத் தவிர வேறு பதில், ஜாதியோ மதமோ கட்சியோ சம்பந்தப்பட்ட பதில் வந்தால், என் முந்தைய பேச்சையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, தாமதமே பயத்தின் மீது சந்தேகத்தை உண்டாக்கும் என்பதால் ஒரு நாளும் வீணாக்காமல், அகதி வழக்கு நடத்தும் வக்கீலைப் பார். கையில் பணமில்லையென்றால் ஒண்டாரியோவின் சட்ட உதவி நிலையத்தில் கேள். அவர்கள் இத்தகைய வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். ஏஜெண்டிடம் போகாதே. உரிமம் இல்லாதவன் கூலி வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்வதே அங்கே குற்றம்.

கடனைத் தவிர வேறில்லை என்றால் வழி சுலபம். பெற்றோர் இன்னும் சில வாரம் உன்னுடன் இருக்க விரும்பினால், கெடு முடியுமுன் விசிட்டர் என்ற முறையிலேயே கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளைக்கு உனக்கு அங்கே நிரந்தர வாசம் கிடைத்து, சட்டம் கேட்கும் வருமானமும் இருந்தால், சூப்பர் விசா என்ற ஒன்றில் ஒரே தடவையில் ஐந்து வருஷம் வரை அவர்களை உன்னோடு வைத்துக்கொள்ளலாம். அந்த வாசலை இன்றைக்கு ஒரு பொய்யால் அடைத்துவிடாதே.

கடனை நான் பார்த்துக்கொள்கிறேன். வட்டிக்காரனிடம் பேச்சை ஆரம்பித்துவிட்டேன். கோர்ட்டு நடைமுறை தெரிந்தவன் எதிரில் உட்கார்ந்தால் அவனும் அசலைப் பற்றிப் பேசக் கற்றுக்கொள்கிறான். லீ பஜார் பக்கம் உள்ள அப்பாவின் பாகத்துக் கடையை அடமானம் வைக்கவோ வாடகைக்கு விடவோ எனக்குப் பவர் பத்திரம் வேண்டும். உன் அப்பா டொராண்டோவில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்தின் அத்தாட்சியோடு அதை எழுதி அனுப்பட்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியது என் பொறுப்பு. ஆனால் நான் சொன்ன கேள்வியைக் கேட்டு முடித்து, பதிலை எனக்கு எழுதிய பிறகுதான் அவன் தூதரகத்துக்குப் போக வேண்டும். இந்திய அரசாங்கத்தின் வாசலில் போய்க் கையெழுத்து வாங்கியவன் பிறகு அதே அரசாங்கத்தின் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று சொன்னால் எவனும் நம்பமாட்டான். பவர் பத்திரத்தின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். சர்வே எண்ணை மட்டும் பழைய பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
பெரியப்பா