துணைக்காவலரும் வழக்கறிஞரும்

அண்ணாமலையை வலம் வருவோர் நடக்கும் வழி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. பெருங்கோயிலுக்கு மலையின் மறுபுறத்தே அவ்வழியில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. முழுமதி நாள்களிலும் கார்த்திகைத் தீபத் திருநாளிலும் மக்கள் அவ்வூர் வழியே கடலெனத் திரண்டு செல்வர். அக்கூட்டத்தைக் காவலர் மட்டுமே ஒழுங்குசெய்தல் அரிது. ஆதலின், ஊர்க்காவல் படையினரும் தொண்டர்களும் அவர்க்குத் துணைநிற்பர். கயிறு பிடித்து வழி அமைப்பர். தாயைப் பிரிந்த குழந்தையைத் தேடிச் சேர்ப்பர்.

அங்கே ஒருவன் முதியவர் ஒருவரின் பணப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுகின்றான் எனக் கொள்வோம். தொண்டர் அவனைப் பிடிக்கலாமா? பிடித்தபின் அடிக்கலாமா? எத்துணை நேரம் நிறுத்தி வைக்கலாம்? துணைக்காவல் அமைப்புகளுக்கு அறிவுரை கூறும் வழக்கறிஞரின் தொழில் இத்தகைய வினாக்களில்தான் தொடங்குகின்றது.

பிணையில் விடத்தகாததும், பிடியாணையின்றிக் காவலர் கைதுசெய்யத்தக்கதுமான குற்றத்தைத் தன் கண்ணெதிரே செய்பவனை எக்குடிமகனும் பிடிக்கலாம். பிடித்தவனை வீண் காலந்தாழ்த்தாது, 6 மணி நேரத்திற்குள் காவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டுச் சட்டம். அடிக்கும் உரிமையோ தொண்டர்க்கும் இல்லை, காவலர்க்கும் இல்லை.

காவலுக்குத் துணைநிற்றல் நம் நாட்டிற்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் வரியைக் காண்கின்றோம். ‘காவல்’ என்னும் அழகிய சொல்லே இன்று காப்பதையும் குறிக்கின்றது, சிறைவைப்பதையும் குறிக்கின்றது! இவ்விரு பொருளும் மயங்குமிடத்தேதான் இடர் தோன்றும்.

ஊர்க்காவல் படை 1946இல் பம்பாயில் தோன்றியது. நம் மாநிலத்தில் அதற்கென 1963இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பின்னர், 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் காவல்துறை அதிகாரி பிரதீப் வி. பிலிப் ‘போலீஸ் நண்பர்கள்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். ஊர்க்காவல் படைக்கு இருப்பது போன்ற தனிச்சட்டம் அதற்கு இல்லை. 2020 சூன் திங்களில் சாத்தான்குளத்தில் வணிகர்களான தந்தையும் மகனும் காவலில் வைக்கப்பட்டபின் உயிரிழந்தனர். அதில் இவ்வியக்கத்தாருக்கும் தொடர்புண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கம் அதனை மறுத்தது. அடுத்த திங்களே அரசு அதனைத் தடைசெய்தது. எல்லை எழுத்தில் வரையப்படாதபோது நல்லெண்ணத்துடன் வந்த தொண்டரும் பழிக்கு ஆளாக நேர்கின்றது.

இதனினும் கொடிது சத்தீசுகர் மாநிலத்தில் நிகழ்ந்தது. மாவோயிசுடுகளை எதிர்த்துப் போரிடப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலராகச் சேர்த்துத் துப்பாக்கியும் அளித்தனர். ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் எனக் கொண்டனர். மாதம் 3000 ரூபாய் கொடுத்தனர். பேராசிரியர் நந்தினி சுந்தர், வரலாற்றறிஞர் இராமச்சந்திர குகா, முன்னாள் ஆட்சிப்பணி அதிகாரி ஈ.ஏ.எஸ். சர்மா ஆகியோர் 2007இல் உச்சநீதிமன்றத்தை நாடினர். நான்காண்டு நடந்த அவ்வழக்கில், நீதிபதிகள் சுதர்சன ரெட்டியும் நிஜ்ஜாரும் 2011 சூலை 5ஆம் நாள் ஆணை பிறப்பித்தனர். பயிற்சி குன்றிய இளைஞரைப் போரில் நிறுத்துவது அவர்தம் உயிருக்கே கேடு என்றும், அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளுக்கு மாறானது என்றும் கூறினர்; துப்பாக்கிகளைத் திரும்பப் பெறுமாறு பணித்தனர். அவ்விளைஞர்க்கு விடப்பட்ட பணிகள் யாவை? பேரிடரில் மக்களுக்கு உதவுதலும், மக்களும் வண்டிகளும் ஒழுங்காகச் செல்ல வழிசெய்தலுமே. அடி அண்ணாமலையில் கயிறு பிடித்து நிற்பவர் செய்யும் பணியும் இதுவன்றோ!

தொண்டரின் எல்லையைச் சொல்லும் வழக்கறிஞரே அவர்தம் கூலிக்காகவும் வாதிட வேண்டியவராகின்றார். இமாசலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் முதலியோர் தொடுத்த வழக்கில் 2015இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம்மை நிலையான பணியாளராக்க வேண்டும் என்ற வேண்டுகோளை மன்றம் ஏற்கவில்லை. ஆயினும், 30 நாள் பணிக்கு அவர் பெறும் படி, காவலர் ஒருவரின் குறைந்த அளவு மாத ஊதியத்திற்கு நிகராக இருத்தல் வேண்டும் என்று பணித்தது.