எண்ணெய் சிந்தினால் கணக்குக் கொப்பிதான் சாட்சி

2020 செப்டம்பர் 3ஆம் திகதி, சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குச் சென்ற 'நியூ டயமண்ட்' கப்பல், அம்பாறை சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. நமது கடற்படையோடு இந்தியக் கடற்படையும் கரையோரக் காவல் படையும் சேர்ந்தே தீயை அணைத்தன. மசகு எண்ணெய் கடலில் கலக்கவில்லை. கப்பலின் சொந்த எரிபொருள் மட்டும் கசிந்தது.

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளை வைத்துள்ள திருகோணமலைக்கு இது தூரத்துச் செய்தியல்ல. கிண்ணியா, மூதூர் மீன் வியாபாரம், ஐஸ், ஹோட்டல் எல்லாம் இந்தக் கடலை நம்பியவை.

எண்ணெய்க் கப்பல் சிந்தினால் யார் பொறுப்பு? 1992ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கைகளில் இலங்கையும் உறுப்பு நாடு. அவற்றின்படி, பொதுவாகத் தவறை நிரூபிக்காமலே கப்பல் உரிமையாளரிடம் ஒரு வரம்பு வரை நஷ்டஈடு பெறலாம். அதற்கு மேற்பட்டதை, எண்ணெய் இறக்கும் கம்பனிகளின் பணத்தில் இயங்கும் சர்வதேச நிதியம், தனது உச்ச வரம்புக்குள் கொடுக்கும். தொழில் இழந்த மீனவரும் வியாபாரியும்கூடக் கோரலாம். நஷ்டம் ஏற்பட்டு 3 வருடத்துக்குள் உரிமையை நிலைநாட்ட வேண்டும்.

ஆனால், வாய்க்கணக்கு அங்கே செல்லாது. சென்ற வருடங்களில் இதே மாதம் என்ன வாங்கினோம், என்ன விற்றோம் என்று காட்ட வேண்டும். ஆகவே வியாபாரிகளே, பற்றுச்சீட்டையும் நாளாந்தக் கணக்கையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். எண்ணெய் கரைக்கு வந்தபின் கொப்பி தேடிப் பயனில்லை.