பழம்பெரும் காரின் இடமாற்றம்

கேள்வி: சென்னையில் தயாரான 1960களின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரைப் புணேவுக்குக் கொண்டுசெல்வது எவ்வாறு?

பதில்: மழையும் தெறிக்கும் கற்களும் பழைய வண்ணப்பூச்சைக் கெடுக்கும் என்பதால், கூடுதல் செலவானாலும், நாற்புறமும் அடைத்த கன்டெய்னர் லாரியே உகந்தது. பட்டைகளை அச்சிலோ பம்பரிலோ மாட்டாமல் சக்கரங்களைச் சுற்றிக் கட்டினால், வில்தகடு முதலிய அதிர்வுதாங்கும் உறுப்புகள் வழியெங்கும் இழுபடாமல் தப்பும். பெட்ரோலைக் கால் டேங்க்குக்குக் குறைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஏற்றுமுன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துவைப்பது நல்லது. கார் காப்பீட்டில் வழக்கமாகக் குறிக்கப்படும் தேய்மான மதிப்பு இத்தகைய வண்டிக்குப் பெரும்பாலும் கேலிக்குரிய தொகையே. ஆகவே, இரு தரப்பும் முன்கூட்டியே ஏற்ற மதிப்புக்குப் போக்குவரத்துக் காப்பீடு பெறுதல் வேண்டும்.

வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதுப் பதிவெண் பெற வேண்டும் என 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுவதால், பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்றிதழைப் புறப்படுமுன்னரே பெறுவது முறை. முதற்பதிவுக்குப்பின் 50 ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத கார்களுக்கு 2021 விதிகள் ‘வின்டேஜ்’ என்னும் தனிப்பதிவை அளிக்கின்றன. எனினும் அப்பதிவுபெற்ற காரை அன்றாடம் சாலையில் ஓட்டுவதற்கு அனுமதியில்லை.