முடிச்சுப் போடாதீர்கள், சுற்றி விடுங்கள்

ஒருகொடவத்தைத் தம்பிமாரே, தங்கச்சிமாரே, களனி கங்கை கரை மீறினால் கொலன்னாவைப் பக்கம் என்ன பாடுபடும் என்பதை 2016 மேயில் பார்த்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு திரும்பவும் பார்த்தோம். அடுத்த முறையும் நீங்கள் வள்ளத்தோடு இறங்குவீர்கள், மறிக்க மாட்டேன். பழகிவிட்டு இறங்குங்கள்.

2018 ஆகஸ்டில் கேரளக் கடற்றொழிலாளர்கள் லொறிகளில் வள்ளங்களை ஏற்றி வந்து ஆயிரக்கணக்கானோரை வெள்ளத்திலிருந்து மீட்டார்கள். கயிறும் எஞ்சினும் அவர்களுக்கு அன்றாட வேலை. நமக்கு அது ஓட்டமில்லாத தண்ணீரில் பயிற்சி எடுத்துத்தான் கைவர வேண்டும்.

இழுவையில் தொடங்குங்கள். இழுக்கிற வள்ளத்தில் கயிற்றுக்கு முடிச்சே வேண்டாம். கயிறு மாட்டுகிற கட்டையில் எட்டு வடிவமாகச் சுற்றுங்கள். பாரம் ஏறின முடிச்சை விரலால் அவிழ்க்க முடியாது, சுற்றைச் சட்டென்று கழற்றலாம். பின்னால் வருகிற வள்ளம் மதிலிலோ கம்பத்திலோ மாட்டினால், ஓட்டம் உங்கள் வள்ளத்தைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். அதனால் கத்தியோடு ஒருவர் அந்தக் கட்டைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

நைலோன் கயிறு நன்றாக இழுபடும், அறுந்தால் சவுக்காகத் திரும்பி அடிக்கும். அதற்கு நேரே யாரும் நிற்கக்கூடாது. தொய்ந்த கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும், ஆகவே மெதுவாக இறுக்கிய பிறகே வேகம் கூட்டுங்கள். இழுபடும் வள்ளத்தில் எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டோடு கீழே, கொஞ்சம் பின்பக்கமாக உட்காரட்டும். அணியம் பாரமானால் வள்ளம் இங்கும் அங்கும் அலையும்.

தத்தளிக்கிறவரைக் கண்டால் உடனே குதிக்காதீர்கள், பிள்ளைகளே! பயந்தவர் உங்களையும் அமுக்கிவிடுவார். முதலில் தடியை நீட்டுங்கள், எட்டாவிட்டால் கயிற்றை அவரைத் தாண்டி விழும்படி எறியுங்கள். வள்ளம் கிட்டப் போனதும் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் ஆளைத் தூக்க வேண்டும். ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்தும் நாடாவைக் கையில் மாட்டியிருக்கட்டும்.

ஒழுங்கைக்குள் வேகமாகப் போனால் எழும்புகிற அலை ஊறின சுவரைத் தள்ளிவிடும். தலைக்கு மேலே மின்கம்பியையும் பாருங்கள்.

117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லாமல் வள்ளம் எடுக்காதீர்கள். யார் யார் ஏறினார்கள், எந்தப் பக்கம் போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கரையில் ஒரு தங்கச்சி எழுதி வைத்திருக்கட்டும்.