முப்பது பேரா, மூன்று பேரா?

கொல்லிமலையில், திருப்புலி நாட்டில் இருந்துகொண்டு ஒருவர் சிறுதானிய ரகங்களுக்கு ஒரு செயலி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலசாமை என ஒவ்வொன்றுக்கும் எப்போது விதைக்கலாம், எந்த மண்ணுக்கு ஆகும், எப்படிச் சமைப்பது என்ற விவரம். நிரலை எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப்பில் போட்டாயிற்று. ஆறு மாதமாகத் தொட ஆளில்லை. இனி எப்படி ஆள் சேர்ப்பது?

சட்டென்று தோன்றுவது ஹேக்கத்தான். நாமக்கல்லிலோ சேலத்திலோ ஒரு கல்லூரி அரங்கு கிடைத்தால் ஒரே நாளில் கூட்டம் சேர்ந்துவிடும், படமும் நன்றாக விழும். அடுத்த வாரம் யார் வருவார்? 2020 அக்டோபரில், கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க அழைக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நான்கு புல் ரிக்வஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும், ஒரு சொல்லை மாற்றி அனுப்பிய குப்பையில் உலகெங்கும் திட்டங்கள் திணறின. பாதி மாதத்துக்குள் விதியையே மாற்றி, சம்மதித்த திட்டங்களுக்கு வருவதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று.

சிறிய கூட்டத்தைத் தவறாமல் கூட்டுவது இன்னொரு வழி. சென்னை, விழுப்புரம், காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுக்கள் வளர்ந்தது இப்படித்தான். என் ஓட்டு இதற்கே. முதல் தடவை வந்தவரை விடுங்கள், இரண்டாம் தடவை வந்தவரை எண்ணுங்கள். ஆனால் மலையடிவாரக் காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மாதாமாதம் இறங்கி ஏறச் சொல்வது நியாயமில்லை. மலைக்காரருக்கு இணையவழிக் கூட்டமே தோது. சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரில் பேசியதை அன்றே எழுதிப் போட்டுவிட வேண்டும்.

வந்தவருக்கு என்ன வேலை தருவது? நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டும் போதும் என்றால் வாசல் குறுகிவிடும். தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தட்டச்சு ஒருவர், மெய்ப்பு ஒருவர் என்று வேலை பிரிந்தது. லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். இன்று மொழியாக்கத்துக்கு வெப்லேட் இருக்கிறது. கிட் தெரியாதவரும் உலாவியிலேயே செய்யலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் பெருகுவதால் நிரலின் பிழைகள் தாமாகத் தீர்ந்துவிடா. அதற்கு நிரலர் தனியாக வேண்டும். இன்னொன்று: இந்தச் செயலிக்கு அதிகம் தெரிந்தவர் சாமை விதைக்கும் பாட்டிதான். அவர் கிட்ஹப் கணக்குத் தொடங்கப்போவதில்லை. அவர் பேசியதைப் பதிவு செய்து கொண்டுவாருங்கள். அவர் சம்மதித்தால் பங்களிப்பாளர் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும்.

உரிமத்தில் நெடுநேரம் மண்டையை உடைக்க வேண்டாம். யாரும் எப்படியும் பயன்படுத்தட்டும் என்றால் எம்ஐடி. மாற்றி வெளியிடுபவர் அதையும் திறந்தே தர வேண்டும் என்றால் ஜிபிஎல். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் நடத்திய விதை வங்கியில் விதை வாங்கியவர் அறுவடைக்குப் பின் திருப்பித் தந்தார். மலையில் ஜிபிஎல்லை விளக்க எனக்கு இதைவிட எளிய வழி தெரியவில்லை.

அடுத்து, சாவி: நிரலில் மாற்றங்களைச் சேர்க்கும் உரிமை. எல்லாவற்றையும் தாமே வைத்துக்கொள்பவர் களைத்துப்போவார். களைத்தவர் யாரிடமாவது கொடுத்துவிடுவார். எக்ஸ்இசட் என்ற கட்டற்ற மென்பொருளின் கதை அதுதான். இரண்டாண்டுக்கு மேல் உதவியாளராகப் பழகி உரிமை பெற்ற ஒருவர் நிரலுக்குள் கள்ளவாசல் வைத்திருந்தார். 2024 மார்ச்சில், உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆந்திரேஸ் ஃபிராயிண்ட் கண்டுபிடித்தார். ஆகவே இருவரிடம் சாவி, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்த பிறகே சேர்ப்பது. அவசரப்பட்டு யாருக்கும் கொடுக்காதீர்கள், ஒருவருக்குமே கொடுக்காமலும் இருக்காதீர்கள்.

ஒரு தந்திரமும் உண்டு. அரை மணியில் முடியும் வேலைகளை, உங்களுக்கே கை துறுதுறுத்தாலும், தொடாமல் விட்டு வையுங்கள். ‘கட்டவெட்டிச்சாமைக்குப் படம் இல்லை’ என்று தமிழில் ஒரு இஷ்யூ எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். புதிதாக வருபவருக்கு அது வேண்டும்.